இசிடோரோஸ் இரண்டு தடவை கூப்பிட்டதில்லை

கியோஸ் தீவின் வடக்கு மலையில், கார்ப் பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். மார்க்கெல்லாவும் மகள் யூலியாவும் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். காலையில் கப்பலை விட்டு இறங்கியதுமே யூலியா கூழாங்கல் கடற்கரையில் ஆசை தீரக் குளித்திருந்தாள். வழியில் பழைய மடத்துக்குள் நுழைந்து, பொன் பதித்த சுவர்ச் சித்திரங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருந்தாள். ஏதென்சில் எட்டு வருஷம் இருந்தவளுக்குப் பிறந்த ஊரே சுற்றுலாத் தலமாகிவிட்டது.

மார்க்கெல்லாவுக்குக் கடலும் வேண்டாம், மடமும் வேண்டாம். அவள் வந்தது வீட்டுக்காக. அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த கல்வீடு அது. புருஷன் இசிடோரோசின் அடி பொறுக்காமல், சொந்த வீட்டை அவனிடமே விட்டுவிட்டு, பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடியவள் அவள். இந்த வசந்தத்தில் அவன் செத்தான். இனி என்ன தடை?

"மார்க்கெல்லா… மார்க்கெல்லா!"

இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டு மத்ரோனா படியேறினாள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். செத்தவன் எழுந்து வந்தால், பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவைதான் கூப்பிட முடியும் என்பார்கள். அதற்குப் பதில் சொன்னவர் மறுநாள் விடிவதைப் பார்ப்பதில்லை. அதனால் முதல் குரலுக்கு அங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த ஒரு வீட்டில் மட்டும் அந்த வழக்கம் செல்லவில்லை. "நான் என்ன பொணமா, ரெண்டு தடவ கூப்பிட?" என்பான் இசிடோரோஸ். முதல் குரலுக்கே "இதோ" என்று ஓடி வராவிட்டால் இடுப்பு வாரை உருவுவான். ஊரே பாலோடு குடித்து வளர்ந்த பழக்கத்தை, மனைவிக்கும் மகளுக்கும் அடித்தே மறக்கடித்திருந்தான் பாவி.

"வீட்டப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துருடி," என்றாள் மத்ரோனா, குரலைத் தாழ்த்தி. "மத்தியானம் ஊரே தூங்குற நேரத்துல அவன் வர்றான். போன மாசம்கூட உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நானே என் காதால கேட்டேன்."

"உசுரோட இருந்தப்ப அவனுக்குப் பயந்து ஓடினேன். செத்தப்புறமும் ஓடணுமாக்கா? என்னால முடியாது."

"நீ வாய அடக்கிருவ. உன் பொண்ணு?"

மார்க்கெல்லா திரும்பி மகளைப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்தது. ஊர் ஜன்னல்களெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. இங்கேயும் மரக்கதவுகளைச் சாத்தியதும் அறைக்குள் பட்டப்பகலிலேயே இருட்டு. வெளியே சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. யூலியா கட்டிலில் படுத்துக் கண் அயர்ந்திருந்தாள். மார்க்கெல்லா அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சில்வண்டுகள் நின்றன.

ஒன்று விடாமல், எல்லாம் ஒரே சமயத்தில்.

வாசல் கற்படியில் செருப்புத் தேயும் ஓசை. மலிவுப் புகையிலையும் ஆட்டு மொச்சையும் கலந்த நாற்றம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அதன் அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. ஈரமண் வாடை. கோடையில், அந்த மலையில் ஈரமண் ஏது?

"யூலியா."

அவன் குரலேதான். அதே அதட்டல்.

தூக்கத்திலேயே யூலியா விலுக்கென்று எழுந்தாள். கண் திறக்கும் முன்பே அவள் வாய் திறந்தது. சிறு வயதில் வாரடியோடு பழகிய அந்த "இதோப்பா" தொண்டை வரை வந்துவிட்டது. மார்க்கெல்லா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். மகளின் பற்கள் உள்ளங்கையில் பதிந்தன. ரத்தம் கசிந்தது. கையை எடுக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் அமைதி.

அப்போதுதான் மார்க்கெல்லாவுக்குக் கோபம் வந்தது. அத்தனை வருஷமும் விழுங்கிய கோபம். அவன் கூப்பிட்டது மகளின் பெயரை. தான் பேசினால் அது பதிலாகாது. மகளின் வாயைப் பொத்தியபடியே கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"இது என் வீடு, இசிடோரோஸ். இனிமே இங்க ஊர் வழக்கம்தான். ஆள் வேணும்னா ரெண்டு தடவ கூப்பிடணும். எங்க, கூப்பிடு பாக்கலாம்! இருந்தப்பவே உன் வீம்பு விடல, இப்பவா விடப்போகுது?"

ஓசையே இல்லை. நாற்றம் மெல்லக் குறைந்தது. தூரத்தில் ஒரு சில்வண்டு தயங்கித் தயங்கித் தொடங்கியது. மார்க்கெல்லா கையை எடுத்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு.

"மார்க்கெல்லா."

அந்தச் சில்வண்டும் நின்றது.

யூலியா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மூச்சுக்கூட விடவில்லை.

"மார்க்கெல்லா."

இரண்டாவது தடவை.

செத்தவனால் முடியாது என்று ஊர் நம்பியிருந்த இரண்டாவது தடவை. அதில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் குரலைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டிருந்தால் அவள் ஓடியே இருக்கமாட்டாள். அவள் உதடு பிரிந்தது.

"அம்மா, வேண்டாம்," என்று காதோடு சொன்னாள் யூலியா.

மார்க்கெல்லா உதட்டை மூடிக்கொண்டாள். எழுந்து போய், ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, மகள் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்தாள். சாயங்காலம் வரை அந்தக் கதவில் நகம் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போதெல்லாம் அந்த ஊரில் மூன்று தடவை கூப்பிடுகிறார்கள். மூன்றாவது குரலுக்குத்தான் கதவு திறக்கும்.

மார்க்கெல்லா வீட்டுக்கு மட்டும் நான்கு தடவை கூப்பிட வேண்டும். ஏன் என்று மத்ரோனா கேட்டதற்கு அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"போன வாரம் மூணு வரைக்கும் வந்துட்டான்க்கா. கத்துக்கிட்டே இருக்கான். கத்துக்கட்டும். எண்ணிக்க எங்கயும் முடியப்போறதில்ல, நானும் எங்கயும் போகப்போறதில்ல."