மாற்றமில்லை

அய்னர் செத்து எப்படியும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். கணினி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றது.

ஏழாம் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி, நர்ஸுகளுக்கென்று கொடுத்திருக்கும் பதிவுக் கைபேசியில் லிஸ்பெத் மறுபடியும் நேரத்தை அடித்தாள். இறப்பு: 15.10. சிவப்பு எழுத்தில் அதே பதில் வந்தது. 'இந்த நேரத்துக்குப் பின் ஒரு கவனிப்புப் பதிவு உள்ளது. சரிபார்க்கவும்.' சரிபார்க்க என்ன இருக்கிறது? ஆள் எதிரில் கிடக்கிறார். கையால் செய்ய வேண்டியதையெல்லாம் அவள் செய்து முடித்திருந்தாள்: கண்களை மூடி, முகத்தைத் துடைத்து, தாடை தொங்காமலிருக்க ஒரு துண்டைச் சுருட்டி மோவாய்க்கு அடியில் கொடுத்து, கட்டிலைத் தாழ்த்தி, மேசையில் பேட்டரி மெழுகுவத்தியை ஏற்றியாயிற்று. சோப்பு வாசனையும், புதுக் கட்டடத்தை விட்டு இன்னும் போகாத ரப்பர் வாசனையும், யாரும் குடிக்காத காபியின் வாசனையும் அறைக்குள் கெட்டியாக நின்றன. நான்கரை மணிக்கே வெளியே நவம்பர் இருட்டிவிட்டிருந்தது.

ஜன்னல்தான் பாக்கி.

இறந்தவர் அறையில் ஜன்னலைத் திறப்பது இங்கே எல்லா நர்ஸும் செய்வது. உயிர் வெளியே போக வழி என்பார்கள் சிலர், காற்றோட்டத்துக்கு என்பார்கள் சிலர்; முப்பது வருஷத்தில் லிஸ்பெத் காரணம் கேட்டதில்லை, திறந்தாள், அவ்வளவுதான். பழைய கட்டடத்தில் ஒரு கொக்கியைத் தூக்கினால் போதும். புதுக் கட்டடத்தில் சூடு வீணாகக் கூடாது என்று ஜன்னல்களையெல்லாம் கணினியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நர்ஸுகள் சண்டை போட்ட பிறகு பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்தார்கள்: இறப்பைப் பதிந்ததும் அந்த அறையின் ஜன்னல் தானாக ஒரு சாண் திறக்கும், பதினைந்து நிமிடம். சாவுக்கும் அளவுச் சாப்பாடு.

பதிந்தால்தானே திறக்கும்? பதிய விடாத அந்தக் கவனிப்புப் பதிவு யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். 15.40. மாற்றமில்லை. நாடி 52. மூச்சு 8. லிஸ்பெத்.

அய்னரின் மகள் போடில் அப்போது கோப்பன்ஹேகன் ரயிலிலிருந்து கூப்பிட்டிருந்தாள். "அப்பா எப்படி இருக்காரு? இந்த ரயில் ஊர் ஊரா நிக்குது. இறங்கி டாக்ஸி புடிச்சு வந்துடவா?" என்று கேட்டாள். லிஸ்பெத் மூன்று அறை தள்ளி மேசையில் உட்கார்ந்திருந்தாள், எட்டு நோயாளிகளின் படிவங்கள் பாக்கி. திரையைப் பார்த்தாள். மதியம் எடுத்த நாடி, மூச்சுக் கணக்கு அதில் இருந்தது. "அப்படியேதான் இருக்காரு. நிதானமா வா" என்று சொல்லிக்கொண்டே, சொன்ன வாக்கில் 'மாற்றமில்லை' என்ற பொத்தானையும் அழுத்தினாள். பழைய கணக்கையே எடுத்துப் பன்னிரண்டு கட்டங்களை ஒரே தட்டில் நிரப்பிவிடும் பொத்தான். எல்லோரும் அழுத்துவதுதான். திங்கட்கிழமைதோறும் கீழ்த்தளத்தில் புது நர்ஸுகளுக்கு 'செவிலியர் பணியில் கணினி: ஓர் அறிமுகம்' என்று வகுப்பு எடுப்பவளே அவள்தான். "திரையைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க" என்று ஆரம்பிப்பாள். அடுத்த அரை மணியில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பாள்.

ஊருக்கு உபதேசம்! தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

கணினி உதவி எண்ணைக் கூப்பிட்டாள்; இருபது நிமிடம் பியானோ வாசித்துக் காட்டிய பிறகு டோர்பன் என்பவன் லைனில் வந்தான்.

"சொல்லு."

"ஏழாம் ரூம் ஆளு செத்துட்டாரு. உன் மெஷின் நம்ப மாட்டேங்குது."

"மெஷின் என்ன பண்ணும்? மூணு நாப்பதுக்கு உயிரோட இருக்காருன்னு நீதான் எழுதிக் குடுத்திருக்க."

"தெரியும்யா."

"தெரியுதில்ல, அந்தப் பதிவை அடிச்சு நீக்கிடு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள அவங்கவங்க பதிவை அவங்கவங்களே அடிக்கலாம். காரணம் ஒரு வரி எழுதணும். அஞ்சு நாப்பது தாண்டிச்சுன்னா பரிசீலனைக் குழுவுக்குப் போயிடும்."

"அந்தக் காரணத்தை யாரெல்லாம் பாப்பாங்க?"

"எல்லாரும்தான். குடும்பமும் பாக்கும்." எதையோ மென்று விழுங்கினான். "அது வேணாம்னா சாவு நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

போடில் தன் கைபேசியில் அப்பாவின் பதிவுகளை வரி விடாமல் படிக்கிறவள். 'பார்க்காமல் எழுதினேன்' என்று ஒரு வரி விழுந்தால் ரயிலிலேயே படித்துவிடுவாள். நீ சொன்னதை நம்பித்தானே நான் டாக்ஸி பிடிக்கவில்லை என்பாள். புகார் போகும், நர்ஸ் உரிமமும் போகலாம். அதையெல்லாம் விட, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே, அதுதான் லிஸ்பெத்துக்குத் தாங்கவில்லை. பதிவைச் சரிசெய்துவிட்டு அவளைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தாள்.

இறப்பு: 15.45.

'இந்த நேரத்துக்குப் பின் ஒரு கவனிப்புப் பதிவு உள்ளது.'

திறந்து பார்த்தாள். 15.46. மாற்றமில்லை. நாடி 52. மூச்சு 8. லிஸ்பெத்.

ஒன்றுக்கு இரண்டு முறை விரல் பட்டிருக்கும் என்று நினைத்தாள். மருத்துவர் வந்து பார்த்த நேரத்தையே போட்டுவிட்டால் வம்பில்லை. இறப்பு: 16.20.

16.21. மாற்றமில்லை. லிஸ்பெத்.

நான்கு இருபத்தொன்றுக்கு அவள் அந்த மோவாய்க்கு அடியில் துண்டைச் செருகிக்கொண்டிருந்தாள். விரல்கள் கழுத்தைத் தொட்டன. கழுத்து பாத்திரம் கழுவிய தண்ணீர் போல ஆறிப்போயிருந்தது, நாடி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, அதை அவள் விரல் இன்னும் மறக்கவில்லை.

மேசைக்குத் திரும்பினாள். மாலைப் பணியில் அவளோடு இருந்த சின்னப் பெண் சிக்னே, இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என் போனை எடுத்தியா நீ?"

"எடுத்து என்ன பண்றது? உன் கட்டைவிரல் வச்சாத்தான் தொறக்கும். கிளாஸ்ல நீதான் சொன்ன." சிக்னே நிமிர்ந்து பார்த்தாள். "அவர் பொண்ணுக்குச் சொல்லிட்டியா?"

"இதைச் சரிபண்ணிட்டுச் சொல்றேன்."

"லிஸ்பெத், மொதல்ல சொல்லிடு. மெஷின் எங்க ஓடிப் போகப் போகுது?"

"எனக்குத் தெரியும், உன் வேலையைப் பாரு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அவள் நேரத்தைத் தள்ளத் தள்ள, ஒரு நிமிடம் தள்ளி அவள் பெயரிலேயே ஒரு பதிவு முளைத்தது. 16.40 என்றால் 16.41. 16.55 என்றால் 16.56. கணினியை அணைத்துப் போட்டாள், கடவுச்சொல்லை மாற்றினாள், பக்கத்து வார்டுக்குப் போய் அங்கிருந்த கணினியில் தட்டிப் பார்த்தாள், அதையும் திட்டினாள். தாழ்வாரத்தில் ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும். அவள் திரும்பி வரும்போது அவளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிந்து பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏழாம் அறைக்கு நேர் மேலே இருந்தது மட்டும், அவள் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது. காற்றுக் குழாய்களின் இரைச்சலுக்கு அடியில் மெல்லிய வேறொரு சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. பழுதான விளக்கு, புதுக் கட்டடம், எதுதான் இங்கே ஒழுங்காக வேலை செய்கிறது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

17.06. மாற்றமில்லை. நாடி 52. மூச்சு 8. உடல் வெப்பம் 21.

இருபத்தொன்று. அவள் பன்னிரண்டு கட்டங்களையும் திரும்பத் திரும்பப் படித்தாள். ஏழாம் அறைச் சுவரில் இருக்கும் வெப்பமானி காட்டுவது அதைத்தான். இருபத்தொன்று அறையின் சூடு.

அந்நேரம் போடிலிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'இப்பதான் பதிவு பாத்தேன். மூச்சு இன்னும் எட்டு! டாக்ஸிக்கு அவ்வளவு காசு குடுக்க இருந்தேன், நல்ல வேளை நீ சொன்ன. இன்னும் ரெண்டு ஸ்டேஷன்தான்.'

லிஸ்பெத் அவளைக் கூப்பிட எண்ணை அழுத்தினாள், மணி அடிக்கும் முன் துண்டித்தாள். இந்த மூதேவி மெஷின் ஒரு தடவை, ஒரே தடவை, சொன்னதைக் கேட்டால் என்ன? பதிவை நீக்கும் பெட்டியைத் திறந்தாள். காரணம்: 'நான் அறைக்குள்' என்று எழுதினாள். அழித்தாள். 'தவறுதலாக' என்று எழுதினாள். அதுவும் பொய், அழித்தாள். ஐந்து முப்பது. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்றாள். ஐந்து முப்பத்தைந்து.

ஐந்து முப்பத்தெட்டுக்கு அழைப்பு மணி அடித்தது.

பலகையில் ஏழு எரிந்தது.

சிக்னேயின் வாயில் ரொட்டி நின்றுவிட்டது. "ஏழுல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்ப யாரு அழுத்துறா?"

"ஒயர் கோளாறா இருக்கும். வா, ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம்."

"நான் வரல. கோவிச்சுக்காத லிஸ்பெத். நான் வரல."

மணி நிற்கவில்லை. லிஸ்பெத் நடந்தாள். அவளுடைய மரச் செருப்பின் சத்தம். விளக்கு. அடுத்த விளக்கு. கதவுப் பிடி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது போல. திறந்தாள்.

கட்டிலில்தான் கிடந்தார். போர்வை கலையவில்லை. மணியின் கயிறு வலது கைக்குள் இருந்தது. அவள் அவருடைய கைகளை மார்பின் மேல் சேர்த்துவைத்திருந்தாள். நன்றாக நினைவிருக்கிறது. மார்பின் மேல். முகமும் இப்போது கூரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. சுருட்டிய துண்டு அழுந்திக் கிடந்தது. மேலிருந்து. தாடை அழுத்தி.

வாயைத் திறக்கப் பார்க்கிற தாடை.

கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. 17.41. மாற்றமில்லை. லிஸ்பெத். அதற்குக் கீழே, இதுவரை இல்லாத ஒரு வரி. அவள் எழுதுகிற மாதிரியே.

'ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்'

ஓடிப்போய்க் கண்ணாடியில் கை வைத்துத் தள்ளினாள். விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. நாற்காலியைத் தூக்கி அடித்தாள். மூன்றடுக்குக் கண்ணாடி. கீறல்கூட இல்லை. பின்னால் போர்வை சரசரத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு. தாழ்வாரம். மேசை.

சிக்னே அங்கே இல்லை. பாதி ரொட்டி இருந்தது.

லிஸ்பெத் பதிவை நீக்கும் பெட்டியை மறுபடி திறந்தாள். அது இப்போது குழுவுக்கான நீண்ட படிவமாக மாறியிருந்தது. பெயர். வார்டு. ஊழியர் எண். எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது. ஒவ்வொரு தப்புக்கும் படிவம் மறுபடி முதலிலிருந்து கேட்டது. காரணம். இந்த முறை நிறுத்தவில்லை. 'நான் அறைக்குள் போகவில்லை. அவரைப் பார்க்கவில்லை. மகளிடம் பொய் சொன்னேன். அவர் முன்பே இறந்துவிட்டார்.' அனுப்பு. அனுப்பு. அனுப்பு.

பச்சை எழுத்தில் பதில் வந்தது. 'நன்றி, லிஸ்பெத். உங்கள் திருத்தம் பெறப்பட்டது. பரிசீலிக்கப் பதினான்கு வேலை நாட்கள் ஆகும். அதுவரை பழைய பதிவு செல்லும்.'

"லிஸ்பெத்!"

போடிலின் குரல். ஏழாம் அறையிலிருந்து. தாழ்வாரத்தின் மறுபக்க மின்தூக்கியில் வந்து நேராக உள்ளே போயிருக்கிறாள்.

"லிஸ்பெத், இங்க வாயேன்! அப்பா எழுந்து நிக்கிறாரு!"

கதவு திறந்தே இருந்தது. மழையில் நனைந்த மேல்கோட்டைக் கழற்றாமல் போடில் நின்றிருந்தாள், சிரிப்பும் அழுகையுமாக, பையிலிருந்து சீப்பை எடுத்து அப்பாவின் பின்னந்தலை முடியைச் சீவிவிட்டுக்கொண்டு. "கை சில்லுனு இருக்கு பாரு. ஹீட்டரைக் கூட்டச் சொல்லு. எதுக்குப்பா அந்தப் பக்கமே பாக்குறீங்க? நான் வந்திருக்கேன்பா."

அய்னர் திரும்பவில்லை. முகத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தி நின்றார். வாய் முழுசாகத் திறந்திருந்தது. கண்ணாடியில் ஆவி படியவில்லை. பத்து விரல்களும் ஜன்னல் விளிம்பின் கறுப்பு ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தன, நிதானமாக, ஒரே தாளத்தில். நான்கு நகங்கள் ஏற்கெனவே ரப்பரில் குத்திக்கொண்டு நின்றன. இரத்தம் இல்லை. போடில் சீவிக்கொண்டே இருந்தாள், அவருடைய கைகளை அவள் இன்னும் பார்க்கவில்லை.