8080-இல் யாரோ இருக்கிறார்கள்

இந்தப் பூமியில் எந்தக் கணினியையும் அரை மணி நேரத்தில் அடக்கிவிடக்கூடிய மனிதன் ஒருவன் உண்டென்றால் அது மதிவாணன்தான். இதை வேறு யாரும் சொல்லவில்லை. காஹாங் ஊரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், புதிதாக வாடகைக்கு எடுத்த அலுவலகத்தில், சக ஊழியர்கள் இருவர் கேட்க, முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவனே சொன்னான்.

"மெஷினுக்குள்ள யாரு இருக்கணும், யாரு இருக்கக்கூடாதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். பெர்மிஷன் கேக்குறதெல்லாம் பட்டிக்காட்டுக் கம்பத்து வேலை."

இது அலுவலகக் கணக்கெழுதும் கிராணி புஷ்பவள்ளிக்குச் சொன்னது. அவள் புது மடிக்கணினியின் முன் கைகூப்பி, "டத்தோ, தும்பாங்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். புது இடத்தில் கால் வைக்குமுன், அங்கே ஏற்கெனவே இருக்கும் காவல் தெய்வமான டத்தோவிடம், 'தும்பாங்' என்று கொஞ்சம் இடம் கேட்டுக்கொள்வது அவளுக்குப் பழக்கம்.

"கேட்டா என்ன தம்பி குறைஞ்சிரும்?"

"டத்தோவுக்கு ஜாவா தெரியுமாக்கா? தெரிஞ்சா வரச்சொல்லுங்க லா, இண்டர்வியூ வைக்கிறேன்."

பக்கத்து மேசை ஹேமநாதன் தே தாரேக் தேநீர்க் குவளைக்குள்ளேயே சிரித்தான். அவள் கேட்டு முடிப்பதற்குள் மதிவாணன் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. சிங்கப்பூர் வேலை போனபின் கிடைத்த வேலை இது. சோதனைக்காலம் இன்றோடு முடிகிறது. மாலையில் முதலாளி ஜெயபாலன் வரும்போது, தோட்ட நிர்வாகத்துக்கான வலைச்செயலி இந்தப் புதுக் கணினியில் திறந்தால் வேலை நிரந்தரம். திறக்காவிட்டால் வீடு. வீட்டிலோ நிரந்தரமாகிவிட்டது என்று போன மாதமே கேக் வெட்டியாயிற்று.

ஜாவா இறங்கியது. செயலியை ஓட்டும் டாம்கேட் சர்வரும் அமர்ந்தது. ஓடவிட்டான். சிவப்பு எழுத்து வந்தது.

8080-ஆம் போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

போர்ட் என்பது கணினியின் வாசல் மாதிரி; ஒரு வாசலில் ஒருவர்தான் நிற்க முடியும். ஆனால் இது காலையில் பெட்டியைப் பிரித்து எடுத்த கணினி. நிற்பது யார் என்று பார்த்தான். பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

வெளியே மழை பிடித்தது. ஜன்னல் இடுக்கு வழியாகச் செம்பனை ஆலையின் புளித்த எண்ணெய் வாடை உள்ளே வந்து மேசைமேல் படிந்தது. அந்த வாடைக்குள்ளிருந்து, கணினியின் விசிறி சுற்றுவதுபோல் ஆரம்பித்து, பிறகு விசிறிபோல் இல்லாமல், சளி கட்டிய மூக்கால் யாரோ நிதானமாக மூச்சை இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மதிவாணன் உதட்டைச் சுழித்தான். வெளியேற்றும் கட்டளையைத் தட்டினான்.

கணினி அமைதியானது. வாசல் காலி.

சத்தம் இப்போது பக்கத்து மேசையிலிருந்து வந்தது.

ஹேமநாதன் குவளையை உதட்டில் வைத்தபடி இருந்தான். தே தாரேக் தாடை வழியே சட்டையில் ஒழுகியது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. மூக்கு மட்டும் இழுத்தது. நிதானமாக.

"ஹேமா, நடிக்காத லா."

புஷ்பவள்ளி ஓடிவந்து அவனை உலுக்கினாள். பிறகு கணினியைப் பார்த்தாள். "தம்பி, என்ன பண்ணின? இருந்தவங்கள வெளிய தள்ளினா அவங்க எங்க போவாங்க? பக்கத்துல எது இருக்கோ அதுலதானே ஏறுவாங்க!"

திரையில் மறுபடி சிவப்பு. சர்வருக்கு வேண்டிய இன்னொரு வாசலான 8005-இலும் ஆள் இருக்கிறது.

கைப்பேசி மினுங்கியது. ஜெயபாலன்: 'கார் நிறுத்திட்டேன். கன்பர்மேஷன் லெட்டர் கையில இருக்கு.'

மதிவாணன் ஹேமநாதனைப் பார்த்தான். புஷ்பவள்ளியைப் பார்த்தான். தன் நாற்காலியைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினான். இப்போது கணினிக்குப் பக்கத்தில் இருந்தது அவள்தான்.

"தம்பி, வேணாம்..." அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

இன்னொரு கையால் அதே கட்டளையைத் தட்டினான்.

பிடி தளரவில்லை. அவள் வாய் 'வேணா'வில் நின்றது. மூக்கு இழுக்கத் தொடங்கியது. இரண்டு மூக்குகள். ஒரே தாளம்.

சர்வர் ஏறியது. மேலே, மேலே. பிறகு கடைசிச் சிவப்பு. தரவுத்தளத்தின் வாசலிலும் ஆள்.

அறையில் மிச்சம் இருந்தது அவன் மட்டும்.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. நாற்காலி நகரவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம். கனமான ஆள். மூச்சிரைப்பு. கைப்பிடி திரும்பியது.

"மதி, ரெடியாப்பா?"

கதவு பாதி திறந்தது. தொந்தி. சிரிப்பு. கையில் உறை.

மதிவாணன் கணினியைக் கதவுப் பக்கம் தள்ளினான். மேசை விளிம்பு வரை. தன் கை போகும் தூரம் வரை. பிறகு, புஷ்பவள்ளியின் விரல்கள் மணிக்கட்டில் இறுகியிருக்க, இரண்டு கைகளையும் சேர்த்துக் கூப்பினான். உதடு அசைந்ததே தெரியவில்லை.

"டத்தோ, தும்பாங். அவரு பெரிய உடம்பு. இடம் தாராளமா இருக்கும்."

தட்டினான்.

பக்கம் திறந்தது. பச்சை. பிழை எதுவுமில்லை. வாசலில் ஜெயபாலனின் ஒரு கால் தரைக்கு மேலே தூக்கியபடி நின்றது, இறங்கவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. உறை நீட்டியபடி இருந்தது. மூன்று மூக்குகளும் ஒன்றாக இழுத்தன, இழுத்துக்கொண்டே இருந்தன, ஒருமுறைகூட வெளியே விடாமல்.