களைத்துப்போன சாயம்

அந்த வீட்டில் அன்று களைப்பாக இல்லாத ஆளே கிடையாது.

அம்மாவுக்குக் களைப்பு. வெள்ளைத் துணிக்குத் தானே சாயம் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது அவள் வேலை. அண்டாவைக் கிண்டிக் கிண்டித் தோள் வலி, குனிந்து குனிந்து தைத்ததில் கழுத்து வலி. அப்பாவுக்கும் களைப்பு. இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு, ஊரே எழுந்திருக்கும் நேரத்தில் படுக்க வருகிறவர் அவர். தையல் மிஷினுக்குக்கூடக் களைப்புதான். மிதிக்கும்போதெல்லாம் 'விடேன், விடேன்' என்று முனகியது.

மகளை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் விழுந்த குண்டூசிகளைத் தேடி எடுப்பது அவள் பொறுப்பு. கண் தேடும் முன்பே பல நேரம் கால் கண்டுபிடித்துவிடும். "ஆ!" என்று சத்தம் வந்தால் ஓர் ஊசி கிடைத்துவிட்டது என்று அம்மா தெரிந்துகொள்வாள். அன்று விடியற்காலையிலிருந்தே நிறைய 'ஆ' கேட்டாகிவிட்டது. குண்டூசிக்கும் களைப்பு.

இத்தனை களைப்புக்கும் காரணமான ஒன்று மேசைமேல் விரிந்து கிடந்தது. அது ஒரு விடியற்கால வானம்.

அடியில் கறுப்பு நிலம். அதற்கு மேல் அடர்ந்த சிவப்பு. அதற்கு மேல் கொஞ்சம் வெளிறிய சிவப்பு, பிறகு ரோஜா நிறம் என்று துணிப் பட்டைகள் மேலே மேலே வெளுத்துக்கொண்டே போயின. உச்சியில் வரவேண்டிய ஒரே ஒரு பட்டைதான் பாக்கி. நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய நிறம் அது.

எல்லாச் சிவப்பும் ஒரே அண்டாவில் பிறந்தவை. மஞ்சிட்டி என்ற வேரை வேகவைத்த தண்ணீர் அதில் இருந்தது. முதலில் முக்கிய துணி வயிறு முட்டக் குடித்துவிடும். அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததற்கு இன்னும் குறைவு. கடைசியில் தண்ணீர் வெறும் வெந்நீர் மாதிரி ஆகிவிடும். அப்போது அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சாயம் களைச்சுப் போச்சு" என்பாள். அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

இதுவரை அம்மா தைத்ததெல்லாம் மற்றவர்கள் கேட்ட படங்கள். ஒருவருக்குப் பூ வேண்டும். ஒருவருக்குக் கிளி வேண்டும். இன்னொருவருக்கு அவர் பெயரே கொட்டை எழுத்தில் வேண்டும். தெருமுனையில் கட்டியிருக்கும் புது நூலகத்தின் நூலக அக்காதான் முதல்முறையாக, "சுவர்ல மாட்ட ஒண்ணு வேணும். என்ன படம்னு நீங்களே யோசிங்க" என்றார்.

"போர்வையைச் சுவர்ல மாட்டறதா? சுவருக்குக் குளிருதாமா?" என்று அப்பா கேலி செய்தார். அம்மா சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் வேறு எதையும் தைக்கவில்லை. நாளைக்கு நூலகத் திறப்பு.

இந்த நேரம் பார்த்து அப்பா வேலையிலிருந்து வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. நேரே போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"நானும் ஒரு கை கொடுக்கறேன்" என்றார்.

"நீங்க தூங்கினாலே எனக்குப் பெரிய உதவி" என்றாள் அம்மா, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்பா கேட்கவில்லை. கொல்லைப்புறம் போனார். அங்கே அடுப்பின்மேல் இன்னொரு அண்டா இருந்தது. மாதுளைத் தோலோடு துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவைத்த கறுப்புச் சாயம். பக்கத்துக் கொடியில் வெள்ளைத் துணிகள் தொங்கின. சாயம் பிடிப்பதற்காகப் படிகாரத் தண்ணீரில் நனைத்து எடுத்த துணிகள் அவை. அப்பா ஒரு துணியை உருவி, கறுப்பு அண்டாவில் போட்டு, கடமையே கண்ணாக அழுத்தி முக்கினார்.

"ஒண்ணு போட்டுட்டேன்! அடுத்தது எது?" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

குண்டூசி எட்டிப் பார்த்தாள். கொடியில் வெள்ளைத் துணிகள் அப்படியே இருந்தன. ஓரத்தில் தனியாகக் காய்ந்துகொண்டிருந்த ஒன்றைத்தான் காணவில்லை.

"அப்பா! அது வெள்ளைத் துணி இல்ல! அதுதான் உச்சிப் பட்டை!"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. குச்சியால் துணியைத் தூக்கினார். கன்னங்கரேலென்று தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கொல்லை வாசலில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளை மாதிரியே இருந்துச்சு..." என்றார் அப்பா, பள்ளிக்கூடப் பையன் குரலில்.

"வெள்ளை மாதிரி இருக்கணும்னுதான் அவ்வளவு பாடுபட்டேன்" என்றாள் அம்மா.

"வேற வேர் போட்டுப் பண்ணலாமேம்மா?" என்று குண்டூசி கேட்டாள்.

"வேர் தீந்துபோச்சு. வெளியூர்லேர்ந்து வரணும். நாளைக்குள்ள வராது."

"மிஞ்சின தண்ணி அண்டாவுல இருக்கே?"

"அது நேத்தே களைச்சுப் போச்சுடா கண்ணு. உபரியா ஒண்ணு இருக்கட்டும்னு விடியக்காலைல ஒரு துணியைப் போட்டு ஒரு மணி நேரம் கிண்டிப் பாத்தேன். ஒண்ணுமே ஏறல. கீழ ஊத்திடு."

அம்மா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வானத்தின் உச்சியில் வைத்துப் பார்த்தாள். பல்பொடி விளம்பரம் மாதிரி பளிச்சென்று கண்ணைக் குத்தியது. ஒன்றும் வைக்காவிட்டாலோ, பாதி முடி வெட்டும்போது நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டவர் தலை மாதிரி இருந்தது.

"முடியலைன்னு சொல்லிடலாம்" என்றாள் அம்மா. உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா அடுத்த அறையில் சத்தமில்லாமல் படுத்தார்.

குண்டூசிக்கு அழுகை வந்தது. அம்மா தானே யோசித்து, தானே தைத்த முதல் படம். அது இப்படிப் பாதி வானமாக மேசையில் கிடக்க வேண்டுமா?

அழுதால் அண்டா காலியாகாது என்று எழுந்து கொல்லைக்குப் போனாள். வேர்த் தண்ணீரைக் கொட்டுவதற்காக அண்டாவைச் சாய்த்தாள். மூடியைக் கட்டியிருந்த துணி நாடா அவள் கையில் ஈரமாகப் பட்டது.

படிகாரத் துணியில் மிஞ்சியதைக் கிழித்துச் செய்த நாடா அது. ஒரு முனை வெளியே இருந்தது, வெள்ளையாக. இன்னொரு முனை நேற்றே தண்ணீருக்குள் நழுவி விழுந்து, யாரும் கவனிக்காமல் அப்படியே கிடந்திருக்கிறது. குண்டூசி அதை வெளியே இழுத்தாள்.

அந்த முனை வெள்ளையாக இல்லை. தூங்கும் குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் இருந்தது.

அவள் அண்டாவை மெதுவாக நிமிர்த்தி வைத்தாள்.

அம்மா ஒரு மணி நேரம் கிண்டியும் ஏறாத சாயம், சும்மா கிடந்த நாடாவில் எப்படி ஏறியது? உள்ளே அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. குண்டூசி யோசித்தாள். அம்மா இப்போது களைத்துப்போய்ப் படுத்திருக்கிறாள். அவளைப் போய் உலுக்கி, 'எழுந்திரு, வேலை செய்' என்றால் செய்வாளா? கொஞ்ச நேரம் நிம்மதியாக விட்டால், தானாக எழுந்து வருவாள். சாயத்தை மட்டும் எதற்குப் போட்டு உலுக்க வேண்டும்?

கொடியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டையை எடுத்தாள். தண்ணீருக்குள் மெல்ல இறக்கி, மூடியைப் போட்டாள். அவ்வளவுதான். கரண்டியைக் கையால்கூடத் தொடவில்லை.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் எழுந்து வந்து கிண்ட ஆரம்பித்துவிடுவாள். பலிக்காமல் போனால் இரண்டாவது தடவையும் மனசு உடையும்.

செய்வதற்கு ஒன்றுமில்லாத வேலைதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்பது அன்று குண்டூசிக்குத் தெரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அண்டாவைக் காவல் காத்தாள். மூடியைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. கைமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் அப்பா எழுந்து வந்தார். குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. "இந்த அண்டாவையாவது கழுவி வைக்கறேன்" என்று மூடியில் கை வைத்தார்.

"அப்பா! தொடாதீங்க! அது தூங்குது!"

"அண்டாவா?"

"சாயம்!"

அப்பா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்ப எழுந்திருக்குமாம்?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலைல."

"கொடுத்துவைச்ச சாயம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, சமைக்கப் போனார். சாப்பிட எழுப்பியபோது அம்மா கண்ணைத் திறக்காமலே சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டாள். அப்பா வேலைக்குக் கிளம்பினார்.

அவர் போன கையோடு நூலக அக்கா வந்தார். பழைய கட்டடத்திலிருந்து புத்தகங்களைச் சுமந்து சுமந்து அவருக்கு இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அம்மா எங்க குண்டூசி? போர்வை முடிஞ்சுதா?"

"அம்மா தூங்கறாங்க அக்கா."

"இப்பவா?" நூலக அக்கா முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒருத்தர் பெரிய கடிகாரம் தரேங்கறார். அந்தச் சுவர்ல மாட்டணுமாம். போர்வை வரலைன்னா அதைத்தான் மாட்டணும். வருமா, வராதா? நீயே சொல்லு."

அண்டாவுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒன்றுமே நடக்காமலும் இருக்கலாம். குண்டூசி கையிலிருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டாள்.

"வரும் அக்கா" என்றாள். "கடிகாரத்தை வேற சுவர்ல மாட்டச் சொல்லுங்க."

நிமிர்ந்து பார்த்தால் நூலக அக்கா முக்காலியிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். குண்டூசி அவர் தலைக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினாள். நன்றாக இருட்டிய பிறகு அவர் திடுக்கிட்டு எழுந்து, "வரும்னுதானே சொன்னே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பா வந்ததும் இருவரும் அண்டாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"திற" என்றார் அப்பா.

"நீங்களே திறங்க. எனக்குப் பயமா இருக்கு."

"நான் தொட்டா என்ன ஆகும்னு நேத்துப் பாத்தியே. நீயே திற."

குண்டூசி மூடியை நகர்த்தி, துணியைத் தூக்கினாள். இருவரும் வெளுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தார்கள். துணியைப் பார்த்தார்கள்.

"என்னது அது?"

அம்மா பின்னால் நின்றிருந்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கிய முகம். கன்னத்தில் பாயின் கோடுகள்கூட விழுந்திருந்தன. துணியை வாங்கி வெளிச்சத்தில் விரித்தாள். மெல்லிய நிறம் முழுவதும் பரவியிருந்தது. ஆனால் ஒரே சீராக இல்லை. மடிந்திருந்த இடங்களில் திட்டுத்திட்டாக வெள்ளை தங்கியிருந்தது.

"நீ இதைக் கிண்டலையா?"

"கிண்டல் இல்லம்மா! நிஜமாத்தான்! அந்தத் தண்ணியிலேயே ஏறிடுச்சு!"

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். "அது இல்லடி. கரண்டி போட்டுக் கிண்டினியா, இல்லையா?"

"இல்ல. களைச்சுப் போயிருந்துச்சுல்ல. தூங்கட்டும்னு விட்டுட்டேன்." குண்டூசி அந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துக் கவலைப்பட்டாள். "கிண்டாததாலதான் இப்படித் திட்டுத்திட்டா ஆயிடுச்சாம்மா?"

"ஆமா" என்றாள் அம்மா. துணியைக் கொண்டுபோய் வானத்தின் உச்சியில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். "நான் மேகத்தைப் பத்தி யோசிக்கவே இல்ல பாரு."

துணி வெயிலில் காய்ந்தது. அம்மா மிஷினில் உட்கார்ந்தாள். அது முனகத்தான் செய்தது. ஆனால் நூல் அறுக்காமல் பட்டையைக் கடைசிவரை தைத்துக் கொடுத்தது.

நூலகச் சுவரில் அந்த வானம் ஏறியபோது பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சின்னப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, மேல இருக்கே, அது என்ன கலர்?"

அம்மா யோசித்தாள். "அதுவா? அது களைச்சுப்போன சாயம்."

"இல்ல" என்றாள் குண்டூசி. "அது தூங்கி எழுந்த சாயம்."

அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் அப்பாவைத் தேடினார்கள்.

அவர் நூலகத்தின் மூலையில், புத்தம் புது நாற்காலியில், அந்தக் கறுத்துப்போன பட்டையைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூக்கத்தில் ஊறிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கிண்டவில்லை.