இறங்காதவர்கள்

பேருந்தின் கதவு மூடும் சத்தம் டி.வி.யிலிருந்து வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டிரைவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

காற்றழுத்தத்தில் இயங்கும் கதவுகளுக்கே உரிய நீண்ட பெருமூச்சு, அதன் முடிவில் ரப்பர் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஓசை. வாழ்நாளில் பாதியை அந்தச் சத்தத்துக்கு முன்னால் உட்கார்ந்தே கழித்த டிரைவருக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாதா என்ன? திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டு மேசை, அதைச் சுற்றி நாற்காலிகள், மடிக்காமல் கிடந்த துணிகள், ஜன்னல் வழியாக வந்த மாலை வெயில். வேறெதுவும் இல்லை. காது போய்விட்டது என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

அந்தப் பெரிய டி.வி.யை மகள்தான் வாங்கிவந்து சுவரில் மாட்டினாள். அன்று அவர் எவ்வளவோ மறுத்தார்.

"செய்தி பாக்கறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெருசு?"

"செய்தி மட்டும் இல்லப்பா. நீங்க நினைச்சத நினைச்ச நேரத்துல பாக்கலாம்."

"நான் எதையும் நினைக்கலையே!"

மகள் ஊருக்குப் போன பிறகும் ரிமோட்டைத் தேளைப் பிடிப்பதுபோல் ஓரத்தில்தான் பிடித்தார். ஒருநாள் மனைவி கடைக்குப் போயிருந்தபோது விரல் எதன் மேலோ பட்டுவிட, திரையில் ஒரு சாலை விரிந்தது. டிரைவர் இருக்கையிலிருந்து யாரோ எடுத்த காணொளி. பேச்சில்லை, பாட்டில்லை. என்ஜின் உறுமல், வைப்பர் தேய்க்கும் ஓசை, முன்கண்ணாடிக்குக் கீழே வந்து விழுந்துகொண்டே இருக்கும் சாலை. அணைக்கத் தெரியாமல் உட்கார்ந்தவர் பிறகு அணைக்க மனமில்லாமல் உட்கார்ந்தார். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கியது.

அதற்குப் பிறகு செய்தி பார்ப்பது நின்றது. பூங்காவுக்கு நடக்கப் போவது நின்றது. சுவரோரம் கிடந்த தன் நாற்காலியைக் கூடத்தின் நடுவில், திரைக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே வந்தது. வளைவுகளில் அவருடைய வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும்.

"இத்தனை வருஷம் ஓட்டினது போதாதாங்க? இப்ப சம்பளம் இல்லாம வேற ஓட்டணுமா?" என்று மனைவி சிரித்தாள். "பாத்து அழுத்துங்க, தரை தேஞ்சிடப் போகுது."

முதலில் மலைப்பாதைகள், கடலோரச் சாலைகள் வந்தன. எதில் அவர் அதிக நேரம் நிலைத்தாரோ அதைப் போன்றதையே டி.வி. மேலும் மேலும் எடுத்துக் கொடுத்தது. ஆட்கள் குறைந்தார்கள், பெயர்ப்பலகைகள் மறைந்தன. கடைசியில் வந்தது தலைப்பே இல்லாத இந்தக் காணொளி. சாம்பல் நிற வெளிச்சத்தில் நேராகப் போகும் ஒரு சாலை. ஒரு நிறுத்தத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கை காட்டினார். பழக்கதோஷத்தில் டிரைவரின் கால் அழுந்தியது. பேருந்து நின்றது. அப்போதுதான் அந்தக் கதவுச் சத்தம் கேட்டது.

மறுநாள் விட்ட இடத்திலிருந்தே சாலை தொடர்ந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். கால் அழுந்தியது, வண்டி நின்றது. அடுத்து நின்றவருக்கு வேண்டுமென்றே காலைத் தூக்கிக்கொண்டார். வண்டி நிற்காமல் போனது. அந்த மனிதர் கையை இறக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி, வண்டியை அல்ல, அவரையே பார்த்தார். கண்ணாடியைத் தாண்டி, கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த அவரை.

அதன் பிறகு யாரையும் விட்டுவிட்டுப் போக அவருக்குத் துணிவு வரவில்லை. எல்லோருக்கும் நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் பின்னால் கதவு பெருமூச்சு விட்டது. கூடத்தில் பழைய ரெக்சின் இருக்கையின் வாசனையும், நனைந்து காயாத துணியின் நெடியும் மெல்லப் பரவின.

"நாற்காலியெல்லாம் ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று மனைவி ஒருநாள் காலையில் கேட்டாள்.

மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இரண்டிரண்டாக, முன்னோக்கி, நடுவில் வழி விட்டு நின்றன.

"நான் போடல."

"பின்ன நானா போட்டேன்? சரி, தள்ளுங்க, கூட்டணும்."

அவள் துடைப்பம் எடுக்கப் போனதும் ஒரு நாற்காலியில் கை வைத்துப் பார்த்தார். சற்றுமுன் எழுந்துபோனவர் விட்டுச்சென்ற இளஞ்சூடு. அடுத்ததிலும் அதே சூடு. வேகமாகக் கையை எடுத்துக்கொண்டார். அவர்கள் எழுந்துதான் போனார்களா என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

அன்று மாலை சாலை ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. திரை இருண்டது. இருண்ட கண்ணாடியில் கூடம் தெரிந்தது, நடுவில் அவர் தெரிந்தார். அவருக்குப் பின்னால், வரிசை வரிசையாக, தலைகள். வண்டியின் ஆட்டத்துக்கேற்ப எல்லாத் தலைகளும் ஒன்றாக இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தன.

ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்தார். பிளக்கையும் பிடுங்கினார்.

அது இன்னும் மோசமாகப் போனது. திரை அணைந்தது, வண்டி நின்றது, ஆனால் பின்னால் இருந்தவர்கள் போகவில்லை. பாதி வழியில் நின்றுவிட்ட வண்டியில் பயணிகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ஒரு செருமல். கம்பியில் மோதிரம் தட்டும் ஓசை. குழந்தையின் சிணுங்கல், அதை அடக்கும் 'உஷ்'. திரும்பிப் பார்த்தால் வெறும் நாற்காலிகள். திரையை நோக்கித் திரும்பியதும் மறுபடி செருமல், இம்முறை இன்னும் கிட்டத்தில், பொறுமையிழந்து.

"உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்க டி.வி. சத்தம்தான் நாள் முழுக்கக் கேக்குதே. கொஞ்ச நாள் அந்தச் சனியன விட்டுட்டு மக வீட்டுக்குப் போயிட்டு வரலாம்ங்க."

"போலாம். இத ஒண்ண மட்டும் முடிச்சிடறேன்."

அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. பயணிகள் நடுவழியில் இறங்க மாட்டார்கள். கடைசி நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டால் இறங்கித்தானே ஆக வேண்டும்? இனி யாரையும் ஏற்றக்கூடாது, நேராகக் கடைசி நிறுத்தம், அவ்வளவுதான். பிளக்கைச் செருகினார். இரண்டு கால்களையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

சாலை ஓடியது. கை காட்டியவர்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார். வெளியே பொழுது சாய்ந்தது, திரையிலும் சாய்ந்தது. சமையலறையில் குழாய் திறந்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

தூரத்தில் விளக்குகள் தெரிந்தன. கடைசி நிறுத்தத்தின் விளக்குகளாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு நிறுத்தம். அங்கே ஒருத்தி நின்றாள்.

வீட்டில் உடுத்தும் பச்சைப் புடவை. முழங்கைவரை நனைந்த கைகள். ஒரு கையில் கழுவிக்கொண்டிருந்த தட்டு.

"ஏய்!" என்று சமையலறைப் பக்கம் கத்தினார். "அங்கதான இருக்க? ஒரு குரல் குடு!"

பாத்திரச் சத்தம் நின்றது.

"இதோ வந்துட்டேங்க."

குரல் சமையலறையிலிருந்து வரவில்லை. திரையில் அவள் உதடுகள் அசைந்தன. ஈரக் கையை உயர்த்திக் காட்டினாள்.

கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அழுத்தக் கூடாது. நிற்கக் கூடாது. போ. போய்விடு.

பின்னால் மணி அடித்தது.

யாரோ இழுத்த மணி. இன்னொரு முறை. பிறகு எல்லோரும் சேர்ந்து இழுத்ததுபோல் இடைவிடாமல். வண்டி வேகம் குறைந்தது. அவர் அழுத்தவில்லை. நின்றது. முதுகுக்குப் பின்னால் கதவு நீளமாகப் பெருமூச்சு விட்டது. ஈரக் காலடிகள் நடுவழியில் வந்தன. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அவருக்கு நேர் பின்னால்.

கதவு மூடிக்கொண்டது.

கடைசி நிறுத்தம் வந்தது. விளக்குகள், வெறிச்சோடிய கொட்டகை. வண்டி ஓரம் கட்டி நின்றது. என்ஜின் அடங்கியது. கதவு திறந்தது.

காத்திருந்தார்.

யாரும் எழவில்லை. யாரும் இறங்கவில்லை. சமையலறைக் குழாய் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. கதவு, கேட்காமலே, மறுபடி மூடிக்கொண்டது.

பிறகு மனைவியின் குரல். அவர் பிடரியில் மூச்சுப் படும் தூரத்தில். முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதையோடு.

"டிரைவர், வண்டிய எப்ப எடுப்பீங்க?"

அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. நாற்காலியின் முதுகுச் சட்டத்தில், அவருடைய தோளுக்கு இருபுறமும், முன்இருக்கையைப் பற்றிக்கொள்ளும் பயணியின் விரல்கள் வந்து அமர்ந்தன. நகக்கண்களில் சோப்பு நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டிருந்தது.