நாற்பது ரூபாய் பாக்கி

மங்கம்மாள் தன் புருஷன் ராஜாக்கண்ணுவுக்குத் தர வேண்டியது மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். அவர் கல் உடைத்த கூலியிலிருந்து இரண்டு ஆடு பிடிக்க அவள் கேட்டு வாங்கிய பணம். முதியோர் பள்ளியில் நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் பழகிய ராஜாக்கண்ணு, நோட்டில் தானாக எழுதிய முதல் வரியே அதுதான்: மங்கம்மா தரணும் 3740.

போன ஆடியில் காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். ஆடுகளும் மருந்துச் செலவோடு போயின. மிஞ்சியது, பழைய செல்போனில் தெரியாமல் பதிவாகிப்போன அவள் குரல். நாலு நிமிஷம் இரண்டு விநாடி.

ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கீதாஞ்சலி அதைப் பென்டிரைவில் ஏற்றித் தந்தாள். வேலை செய்த இடத்தில் எவனோ அதை எடுத்து எல்லார் முன்னாலும் போட்டுச் சிரித்தான் என்று ராஜாக்கண்ணு வந்து நின்றபோது, அவளே பூட்டும் போட்டாள். பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அந்த நம்பர் தெரியும்.

“மறந்துட்டீங்கன்னா என்னாலயும் தொறக்க முடியாதுண்ணா. உள்ள இருக்கறது உள்ளயே போய்டும்.”

“செத்தாலும் மறக்காதும்மா,” என்றார் அவர்.

ஐப்பசி மழை தொடங்கியதும் மலைமேல் இருந்த தங்கும் விடுதி ஒன்றை மூடினார்கள். காவலுக்கு ராஜாக்கண்ணு ஒருவர்தான். மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கி அவர் நடந்துபோனபோது பகல் மூன்று மணி. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியாத மூட்டம். விடுதியின் முன்னறைக்குத் தகரக் கூரை. உள்ளே ஒரு மரப்பெஞ்சு, பழைய கம்ப்யூட்டர், ஊறிப்போன சுவரின் வாசம். பென்டிரைவைச் செருகி, ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தினார்.

“மூவாயிரத்து எழுநூத்தி நாப்பது. நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா தர மாட்டேன். தந்துட்டா அப்புறம் எங்கூட பேசறதுக்கு உனக்கு இன்னாய்யா இருக்குது?”

கடைசியில் கஞ்சி ஆறுகிறது என்று அவரைக் கூப்பிடுவாள். அதோடு முடிந்துவிடும். இரண்டு தரம் கேட்டார்.

மறுநாள் அதே நேரம் அதே எண்ணைப் போட்டார். தவறு என்றது. மூன்று தரம் போட்டார். மூன்று தரமும் தவறு. கீபோர்டைத் தூக்கித் தட்டினார்.

அடியில் ஒரு நூறு ரூபாய்த் தாள். நனைந்து, நாலாக மடிந்து கிடந்தது.

மங்கம்மாள் பணத்தை நாலாகத்தான் மடிப்பாள்.

ஈர ஆட்டு வாசம் அடித்தது.

விரல் விட்டு நூறைக் கழித்து, 3640 என்று போட்டார். திறந்துகொண்டது.

சந்தை நாளில் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு கீதாஞ்சலியிடம் ஓடினார். பழைய எண் அவளுக்கும் திறக்கவில்லை. அவர் சொன்ன புது எண்ணுக்குத் திறந்தது.

“நீங்கதான் மாத்தியிருக்கீங்க. பழைய பாஸ்வேர்டு தெரியாதவங்க மாத்தவே முடியாதுங்கண்ணா,” என்றவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “வேற யாருக்கு அந்த நம்பர் தெரியும்?”

அவர் பென்டிரைவை உருவி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

தினம் ஒரு தாள் வந்தது. தினம் நூறு குறைந்தது. கூடவே அவள் குரலும் தேய்ந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி முதலில், பிறகு சரிவுக்குக் கீழேயிருந்து, பிறகு எதிர்மலையிலிருந்து. வேண்டாம் என்று சேர்ந்த பணத்தை வாசற்படியில் கொண்டுபோய் வைத்தார். விடிந்து பார்த்தால் கீபோர்டுக்கு அடியில் இருந்தது.

அவள் வருகிறாளே என்று ராஜாக்கண்ணு பயப்படவில்லை. கணக்குத் தீர்ந்தால் வர மாட்டாளே என்றுதான் பயந்தார். அந்த மலையில் அவரோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அப்படியே முப்பத்தேழு தாள் சேர்ந்தது. அன்றைக்கு 40 என்று போட்டதும் திறந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துத்தான் கேட்க முடிந்தது.

மறுநாள் கீபோர்டின் மேலேயே இரண்டு இருபது ரூபாய்த் தாள்கள். நாலாக மடித்தவை.

அவர் அதைத் தொடவில்லை. மூட்டையிலிருந்து நோட்டை எடுத்தார். அந்த வரியின் குறுக்கே கோடு கிழித்து, பக்கத்தில் ‘தள்ளுபடி’ என்று எழுத்துக் கூட்டி எழுதினார்.

“நீ ஒண்ணும் தர வேணாம். எழுதி அடிச்சிட்டேன்,” என்றார் வெறும் அறையைப் பார்த்து. “கடனுக்கு வர வேணாம். சும்மா வந்து பேசு.”

இருமல் பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை இரைந்தது. 40 போட்டுப் பார்த்தார். தவறு. 0 போட்டார். தவறு.

கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பாஸ்வேர்டு கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று.

எண்ணினார். நாலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இனி அது என்ன எண் என்று அவருக்குத் தெரியாது.

திறந்தது.

குரல் பழையபடி கணீரென்று வந்தது. கஞ்சிக்குக் கூப்பிட்டாள். நாலு நிமிஷம் இரண்டு விநாடி ஆயிற்று. நிற்கவில்லை. மூன்று. நாலு. பதிவுக்குள் தகரத்தில் மழை இரைகிற சத்தம். மங்கம்மாள் வாழ்ந்த வீட்டுக்குத் தகரக் கூரை கிடையாது. பிறகு ஓர் ஆணின் இருமல்.

அவருடைய இருமல்.

அப்புறம், ஸ்பீக்கரிலிருந்து இல்லை, இடது காதுக்குப் பக்கத்தில்:

“நகந்து உக்காருய்யா.”

ராஜாக்கண்ணு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

கீபோர்டின் மேலிருந்த நாற்பது ரூபாயைக் காணவில்லை.