வெய்க்கோவைக் கொசு கடிக்கவில்லை

வெய்க்கோவின் கழுத்தில் ஒரு கொசுகூட உட்காரவில்லை.

சதுப்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் அண்ணன் வெய்க்கோ முன்னால் நடக்க, ஆர்வோ தன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான். செப்டம்பர் பிறந்தும் குளிர் இறங்காத வருஷம். சுப்பீரியர் ஏரியின் காற்றுகூட அன்று காட்டுக்குள் வரவில்லை. அழுகிய இலையும் கருஞ்சேறும் கலந்த வாடை, பூட்ஸை உருவும்போதெல்லாம் சேறு விடும் பெருமூச்சு, காதோரம் ஓயாத ரீங்காரம். ஆர்வோ உடுப்புக்கெல்லாம் முன்கூட்டியே உண்ணி மருந்து அடித்துக் கொடியில் காயப்போட்டு, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, புறங்கையில் கொசு மருந்து பூசி, முகத்துக்கு வலையும் மாட்டியிருந்தான். அப்படியும் கொசுக்கள் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டன. அண்ணனோ மருந்து எதையும் தொடாதவன். "மருந்து நாத்தம் அடிச்சா கரடி மாவட்டம் தாண்டி ஓடிடும்டா. வேட்டைக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று மத்தியானம்தான் கேலி செய்திருந்தான். வாசனையில்லாத சோப்பில் துவைத்த சட்டை, திறந்த கழுத்து. இந்நேரம் அது தடித்துச் சிவந்திருக்க வேண்டும்.

"அண்ணா, உன்னைக் கொசு கடிக்கலையா?"

"இல்ல."

அவ்வளவுதான். ஒரு கொசுக்கடியை வைத்துக் கால் மணி நேரம் கதையளக்கிற மனுஷன் அவன்.

வசந்தத்தில்தான் வெய்க்கோவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மரம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். "அவரைத் தரையிலேயே உக்கார வை, ஆர்வோ. முழுசா கொண்டாந்து சேர்த்துடு" என்று அண்ணி சில்வி சொன்னாள். தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தான். இங்கே வந்ததும் அண்ணன் பாட்டுக்கு மரத்தில் கட்டிய பரணில் ஏறிவிட்டான். தடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று ஆர்வோவும் பேசாமல் தன் பரணுக்குப் போய்விட்டான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அண்ணன் இருந்த பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கரடியை இழுக்க இரையாகப் பழைய டோனட் கொட்டி வைத்த பீப்பாயை அது உருட்டுகிறது என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. கரடி வரும் வேளையில் தன் பரணை விட்டு இறங்கி இன்னொருவன் பரணடிக்கு நடந்து காரியத்தைக் கெடுப்பவனை அந்தப் பக்கத்தில் யாரும் மறுபடி வேட்டைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் சட்டம் அனுமதித்த வேட்டை நேரம் முடியும்வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு கீழே இறங்கினால், புதர்களுக்கு நடுவிலிருந்து விளக்குகூட இல்லாமல் அண்ணன் வந்து நின்றான். ஆர்வோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போலாம்" என்றான் வெய்க்கோ.

கேபினுக்குப் பின்னால் சௌனா, பலகை அடித்த ஆவிக்குளியல் அறை. காட்டிலிருந்து வந்ததும் அடுப்பை மூட்டி, உடுப்பைக் கழற்றி வெளியே போட்டு, சூட்டில் உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து உண்ணி எடுப்பது அவர்கள் அப்பா காலத்து வழக்கம். பிர்ச் மரக் கட்டையில் தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடுப்பின் மேல் பழுக்கக் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றியதும் ஆவி சீறி எழுந்து மூக்கைச் சுட்டது. பலகையில் இருந்து பிசின் வாசம் கிளம்பியது. ஆர்வோவின் தாடையிலிருந்து வேர்வை சொட்டியது. பக்கத்தில் அண்ணனின் தோள் காய்ந்து கிடந்தது.

"குளிருதுடா. இன்னும் ஊத்து."

ஊற்றினான். மூச்சுவிட முடியவில்லை.

"இன்னும்."

ஊற்றினான்.

"சரி, முதுகைப் பாரு."

ஆர்வோ இடுக்கியை எடுத்துக்கொண்டு விளக்கைக் கிட்டே நகர்த்தினான். அக்குளில், இடுப்பு மடிப்பில், பிடரியில் என்று எங்கு பார்த்தாலும் உண்ணி. மருந்து அடிக்காமல் போனால் இப்படித்தான் என்று திட்ட வாயெடுத்தான். பிடரியில் இருந்த ஒன்றைப் பிடிக்கப் போனான். சாதாரணமாகத் தோலோடு பிய்ந்துதான் வரும். இது இடுக்கி படும் முன்பே தலையை உருவிக்கொண்டது. அடுத்ததும் உருவிக்கொண்டது. பிறகு எல்லாம். முதுகு முழுக்கக் கீழ்நோக்கி நகர்ந்தது.

கரடியை அடித்து உரித்தவர்களுக்குத் தெரியும். செத்த உடம்பின் சூடு ஆறினால் உண்ணி இறங்கிவிடும். பக்கத்தில் சூடு எங்கே இருக்கிறதோ, அங்கே போகும்.

பலகையில் இறங்கின. அவன் தொடையை நோக்கி வந்தன. காலை இழுத்துக்கொண்டான். அவையும் திரும்பின.

அண்ணனின் முதுகைத் தொட்டான். சில்லென்றிருந்தது. அந்தச் சூட்டில்.

கதவு கைக்கெட்டும் தூரம். ஓடலாம். ஓடினால் அண்ணன் செத்துவிட்டான் என்று ஆகிவிடும். கேட்ட சத்தம் பீப்பாய் இல்லை என்று ஆகிவிடும். சில்வியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தால், அண்ணன் இருக்கிறான். இதோ, பக்கத்தில்.

"முடிஞ்சுதா?"

வெய்க்கோ தலையைத் திருப்பினான். திறந்த கண்ணின் வெள்ளையில் ஓர் உண்ணி நடந்தது. இமை மூடவில்லை.

"முடிஞ்சுது, அண்ணா."

"அப்ப நீ திரும்பு."

ஆர்வோவுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் அண்ணன் சொல்லி அவன் எதையும் மறுத்ததில்லை. திரும்பி உட்கார்ந்தான். குளிர்ந்த விரல்கள் பிடரி மயிரை விலக்கின. மெதுவாக. பொறுமையாக.

உண்ணி எடுக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான்.

விரல்கள் எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தன.