ரத்தம் கக்காத ஒருவன்

"ஐயோ... ரத்தம்!"

ஓசூர் தொழிற்பேட்டைக்குள் நுழைந்த கம்பெனி வேன் கிறீச்சிட்டு நின்றது.

மணியின் வாயிலிருந்து குபுக்கென்று ரத்தம்! ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே அவன் பிணமாகியிருந்தான்.

அதே வேனில் வரும் நான்கு பேர் இரண்டு நாளாக ஐ.சி.யூ.வில். அவர்களுக்கும் ரத்த வாந்திதான்.

"வயித்துல புண்ணா டாக்டர்?" இன்ஸ்பெக்டர் ஜெயப்ரியா கேட்டாள்.

டாக்டர் ஆனந்த் தலையாட்டி மறுத்தார். "கேமரா விட்டுப் பாத்துட்டேன் மேடம். புண்ணே இல்ல! ஆனா ரத்தம் உறையவே மாட்டேங்குது. எலி மருந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா இப்படித்தான். எதுல கலந்திருக்குன்னு சீக்கிரம் கண்டுபிடிங்க... இன்னும் எத்தன பேர் திங்கறாங்களோ!"

ஜெயப்ரியாவின் செல்போன் அலறியது. கம்பெனியில் கலவரம்!

அவள் போய்ச் சேர்ந்தபோது, கேன்டீன் கான்ட்ராக்டர் வெங்கடப்பன் மண்டை பிளந்து கிடந்தார். சுற்றிலும் இரும்பு ராடுகளோடு தொழிலாளிகள்.

"விஷம் வெச்சுட்டான் மேடம்!"

"அறிவிருக்காடா? கேன்டீன்ல எண்ணூறு பேர் திங்கறீங்க. அந்த வேன்ல வர்றவனுக்கு மட்டும் எப்படி ரத்தம் வரும்? அதுல வந்தும் ஒண்ணும் ஆகாதவன் எவன்?"

அத்தனை கண்களும் கூட்டத்தில் பதுங்கி நின்ற மாதேஷ் மேல் திரும்பின. அவன் ஓடப் பார்த்தான்... லத்தி முட்டியில் இறங்கியது!

ஸ்டேஷன்.

"அஞ்சு பேருக்கும் என்னடா குடுத்தே?"

"சத்தியமா மாங்கா ஊறுகாதாங்க மேடம்! தினமும் வேன்லயே டப்பாவத் தொறந்து பங்கு போட்டுக்குவோம். எம் பொண்டாட்டி வினோதா போட்டது."

"நீ திங்கலையா?"

"எனக்கு அல்சருங்க. குடிச்சுக் குடிச்சு வயிறு வெந்துபோச்சு. காரமே ஆவாது. வூட்ல சொன்னா, குடிய வுடுன்னு வாய் பேசுவா. அதான் சொல்லல..."

ஓங்கிய லத்தி அந்தரத்தில் நின்றது.

மாதேஷின் ஊரான நாகரசம்பட்டிக்கு ஜீப் பறந்தது. ஸ்டேஷனுக்குள் வந்த வினோதா, புருஷனைப் பார்த்ததும் பாய்ந்து குரல்வளையைப் பிடித்தாள்!

"டப்பா தினமும் நக்குன மாதிரி காலியா வந்துச்சேடா! ஒரு துண்டுகூடவா நீ திங்கல?"

இரண்டு பெண் போலீசார் அவளைப் பிய்த்தெடுத்தார்கள். மாதேஷின் கழுத்தில் நகம் பதிந்து ரத்தம் கசிந்தது.

"போதையில மிதிச்சே எம் வயித்துப் புள்ளயக் கொன்னான் மேடம்! அவன் வயிறும் ரத்தம் கக்கோணும்னுதான்..."

"ஆனா செத்தது உம் புருஷன் இல்லம்மா... மணி."

வினோதா தரையில் சரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். பாவம்தான். ஆனால் மணி யாருக்கு என்ன கெடுதல் செய்தான்?

"பாத்தீங்களா மேடம்? சண்டாளி! நல்லவேள நான் தப்பிச்சேன்..." மாதேஷ் இளித்தான்.

க்ளிக்!

வினோதாவுக்கு மாட்டியது போக, இன்னொரு விலங்கு அவன் கையில் ஏறியிருந்தது.

"புள்ளயக் கொன்னவனுக்கும் கேஸ் இருக்குடா. நட உள்ள!"

"மேடம்... எனக்கு அல்சருங்க!"

"கவலப்படாத. ஜெயில் சாப்பாட்டுல உப்பும் இருக்காது... காரமும் இருக்காது!"